முசியேவுக்கு மாலை மரியாதை

ஓடிகோலன் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு ஒரு வெள்ளைக் கைக்குட்டைதான் ஞாபகத்துக்கு வரும். ஓரத்தில் நீல நூலால் பூவேலை செய்து, நாலாக மடித்து வைத்த கைக்குட்டை. அதை மூக்கருகே பிடித்துக்கொண்டு எங்கள் தெருமுனையில் காரைவிட்டு இறங்கி நின்ற மனிதரை நாங்கள் முசியே என்று கூப்பிட்டோம். பிரெஞ்சுக்காரன் ஆண்ட புதுச்சேரியில் படித்த பெரிய மனிதர்கள் எல்லோருமே முசியேதான். ஆனாலும் உப்பளம் என்ற எங்கள் பேட்டையில் வெறுமனே முசியே என்றால் அது இவர் ஒருவர்தான். எங்கள் ஓட்டை வாங்கிக்கொண்டு சபைக்குப் போன உறுப்பினர். அவர் செத்துப்போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். அந்தக் கைக்குட்டை எப்போதும் சுத்தமாக இருந்தது என்பதைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை.

கொடி மாறுவதற்கு முன்னால் அவர் முழு வெள்ளை சூட்டில் இருப்பார். பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி ஊர்வலத்தில் துரைக்குப் பக்கத்தில் மெடல் குத்திக்கொண்டு நிற்பார். இந்தியாவோடு சேர வேண்டும் என்று கோஷம் போட்டவர்களை வேலைவெட்டி இல்லாத ரௌடிகள் என்று மேடை போட்டுத் திட்டியவர். ஐம்பத்து நாலில் கொடி மாறியது. மறுநாளே முசியே கதரில் வந்து நின்றார். அவருக்குக் கதர்ச்சட்டை தைத்த தையல்காரர் எங்கள் தெருவுக்கு வேண்டியவர். கொடி இறங்குவதற்கு முன்பே முசியே வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனதாக அவர் சொல்லிச் சிரிப்பார். கதருக்குக் கீழே அந்தப் பளபளக்கும் பூட்ஸ் மட்டும் மாறவே இல்லை. வாசனையும் மாறவில்லை. அதற்குப் பிறகு அவர் பேச்சை ஆரம்பிக்கும்போதெல்லாம் "சுதந்திரத்துக்காக நாம் பட்ட பாடு" என்றுதான் ஆரம்பித்தார். அவர் பட்ட பாடு தையல்காரருக்குத்தான் தெரியும்.

நான் அப்போது ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். கன்னிகாஸ்திரீகள் புண்ணியத்தில் பிரெஞ்சு படித்திருந்தேன். அப்பா அம்மா இல்லாத என்னை வளர்த்தது அண்ணனும் அண்ணியும். இருவருக்கும் மில்லில் வேலை. அண்ணன் பஞ்சு உடைக்கும் பிரிவில், அண்ணி நூல் சுற்றும் பிரிவில். பஞ்சுத் தூசி அண்ணனின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மில் சங்கு ஊதுவதற்கு முன்பே அவர் இருமல் எங்களை எழுப்பிவிடும். எங்கள் குடிசைகள் இருந்தது வாய்க்காலை ஒட்டிய தாழ்ந்த மண்ணில். ஐப்பசி பிறந்தால் வாய்க்கால் வீட்டுக்குள் வந்துவிடும். தை மாதம் வரைக்கும் தரை காயாது. அடுப்பைச் செங்கல்மேல் தூக்கிவைத்துச் சமைப்போம். கோணிமேல் கோணி போட்டுப் படுப்போம். விடிந்தால் மேல்கோணியும் நனைந்திருக்கும். ஆஸ்பத்திரி டாக்டர் அண்ணனின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, மருந்தைவிட இவருக்குக் காய்ந்த தரைதான் முக்கியம், இன்னும் இரண்டு மழைக்காலத்தை இந்த ஈரத்தில் தாங்கமாட்டார் என்று சொல்லிவிட்டார். அண்ணி வீட்டுக்கு வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "தரை எங்க கிடைக்கும்னு பாக்கறேன்" என்று அன்றைக்கே கிளம்பினாள்.

சபையில் ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. மில் தொழிலாளர்களுக்கு ஓட்டுக்கூரையும் சிமெண்டுத் தரையுமாக, குறைந்த வாடகையில் சர்க்கார் வீடு கட்டிக் கொடுப்பது, அதற்கு வருகிற பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவது என்று. பேச்சு பேச்சாகவே இருந்தது. அண்ணி தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு உறுப்பினர் வீடாக ஏறி இறங்கினாள். எனக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் அதுதான் வேலை. ஒரு உறுப்பினர் பூஜையில் இருக்கிறார் என்றார்கள். பூஜை பொழுது சாயும்வரை முடியவில்லை. இன்னொருவர் எங்களை வாசலிலேயே நிற்கவைத்துத் தன் மாமனார் எவ்வளவு பெரிய தர்மவான் என்பதை விவரமாகச் சொன்னார். மற்றொருவர், "டெல்லியிலேர்ந்து உத்தரவு வரணும்மா" என்று மேலே கையைக் காட்டினார். டெல்லி என்னவோ அவர் வீட்டு மாடியில் இருப்பதுபோல. எல்லோரும் கடைசியில் சொன்னது ஒன்றுதான். முசியே எந்தப் பக்கம் பேசுகிறாரோ அந்தப் பக்கம்தான் சபை சாயும், அவரைப் போய்ப் பாருங்கள்.

முசியே எங்களைப் பார்த்தார். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே பார்த்தார். முழுதாகக் கேட்டார் என்று சொல்ல முடியாது. அண்ணி சொல்லி முடித்ததும், "நான் கண்ணால பாக்காம சபையில பேசற ஆள் இல்லம்மா. நேர்ல வந்து பாக்கறேன்" என்றார். பட்ஜெட்டுக்கு முன்னால், மாசி மாதத்தில் ஒரு நாள் குறித்தார். மாசியில் எங்கள் தெருவில் சொட்டுத் தண்ணீர் இருக்காது என்பது அவருக்குத் தெரியாதா என்ன. எங்களுக்குத்தான் அது தோன்றவில்லை. பெரிய மனிதர் நம் வீட்டுக்கு வருகிறார் என்ற பூரிப்பில் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை.

இரண்டு நாளைக்கு முன்பே அவருடைய எடுபிடி ஒருவன் வந்தான். தெருவைச் சுற்றிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "முசியேவுக்கு நாத்தம் ஆகாது. எல்லாத்தையும் மெழுகி, சுண்ணாம்பு அடிச்சு வைங்க. இருமல்காரங்க இருந்தா அன்னிக்கு வேற பக்கம் அனுப்பிடுங்க" என்றான். அவன் சொல்லாவிட்டாலும் நாங்கள் செய்திருப்போம். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் குப்பையாகப் போட்டுவைக்க எங்கள் பெண்களுக்குத் தெரியாது. சாணம் கரைத்துத் தரையைக் கண்ணாடியாக மெழுகினோம். மண்சுவரில் வாய்க்கால் தண்ணீர் ஏறி நின்ற கறை இடுப்புயரத்துக்கு இருந்தது. அதன்மேல் சுண்ணாம்பை அடித்து மறைத்தோம். கல்யாணப் புடவைகளை எடுத்துப் பந்தலுக்குக் கட்டினோம். வாழைமரம், மாவிலைத் தோரணம், வாசலுக்கு வாசல் கோலம். பாதிரியாரிடம் கேட்டுக் கைவைத்த நாற்காலி ஒன்றை மாதா கோயிலிலிருந்து தூக்கிவந்தோம். யாருக்காக வீடு கேட்கிறோமோ அந்த அண்ணனை, அன்றைக்கு விடிந்ததும் சோற்று மூட்டையைக் கையில் கொடுத்துப் பழைய துறைமுகத்துப் பக்கம் அனுப்பிவைத்தாள் அண்ணி. நாள் முழுக்க அங்கே ஒரு கிட்டங்கி நிழலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாராம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவரை உட்காரவைத்து, வீட்டுக்கு ஒரு மாலை போடுவோம். கடைசி வீட்டு மாலை விழுந்த பிறகுதான் அவர் எழுந்திருக்கலாம். நடுவில் எழுந்தால் மீதி வீடுகளை அவமதித்ததாக ஆகிவிடும். முசியேவுக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு மாலைக்கும் கழுத்தை நீட்டினார். மாலைகள் மூக்குவரை ஏறியபோது மேலே இருந்தவற்றைக் கழற்றி எடுபிடியிடம் கொடுத்துவிட்டு மறுபடி நீட்டினார். கோலத்தைப் பார்த்தார், சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தார். "த்ரே ஜொலி, த்ரே ஜொலி" என்றார். ரொம்ப அழகாக இருக்கிறதாம். ஒரு குடிசைக்குள்ளும் தலையை நுழைக்கவில்லை. கலர் சோடாவில் இரண்டு வாய் குடித்துவிட்டு, கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு காரில் ஏறிவிட்டார். பொழுது சாய்ந்து திரும்பிவந்த அண்ணன், "இன்னா சொன்னாரு? வீடு தர்றாரா?" என்று கேட்டார். "நல்லா இருக்குன்னு சொன்னாருய்யா" என்றாள் அண்ணி. அவள் குரலில் அப்போது நம்பிக்கைதான் இருந்தது.

பட்ஜெட் விவாதம் நடந்த அன்று மில்லில் லீவு சொல்லிவிட்டுப் பெண்கள் சபைக்குப் போய்ப் பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நானும் போனேன். ஆட்சி மாறிய பிறகும் அங்கே பாதிப் பேச்சு பிரெஞ்சில்தான் நடக்கும். முசியே எழுந்தார். எழும்போதே எங்களைப் பார்த்துவிட்டார். சிரித்துத் தலையசைத்துவிட்டுப் பிரெஞ்சில் ஆரம்பித்தார். நடுநடுவே எங்கள் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். அவர் காட்டும்போதெல்லாம் எங்கள் பெண்கள் எழுந்து கும்பிட்டார்கள். எனக்குக் காது கூசியது.

அவர் சொன்னது இதுதான். தான் நேரில் போய்க் கண்ணால் பார்த்தாராம். தரை தாம்பாளம்போல் பளிச்சென்று இருந்ததாம். வாசலெல்லாம் பூக்கோலமாம். மாலையும் கையுமாகச் சிரித்த முகத்தோடு வரவேற்றார்களாம். ஒருவர்கூட இருமிப் பார்க்கவில்லையாம். இந்த எளிய மக்கள் அவர்கள் வழியில் சந்தோஷமாக வாழ்கிறார்கள், சிமெண்டையும் செங்கல்லையும் கொண்டுபோய் அந்த அழகைக் கெடுக்கலாமா என்று கேட்டுவிட்டு, அந்தப் பணத்தைக் கடற்கரைச் சாலையில் விளக்குக் கம்பங்கள் வைக்கச் செலவிடலாம் என்றார். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கடற்கரையைத்தானே என்றார். ஏற்கெனவே கம்பம் இருந்த இடத்தில்தான் புதுக் கம்பம் வரப்போகிறது என்பதை ஒரு உறுப்பினரும் எடுத்துச் சொல்லவில்லை. மேசையைத் தட்டினார்கள். கை தூக்கினார்கள். எங்கள் வீடு அத்தோடு போயிற்று.

"இன்னாடி சொன்னாரு, டீச்சரு? நம்மளக் காட்டித்தான சொன்னாரு?" என்று அண்ணி கேட்டாள். கும்பிட்ட கை இன்னும் இறங்கவில்லை. நான் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். கையை இறக்கி, எதையோ தொட்டுவிட்டவள்போலப் புடவைத் தலைப்பில் இரண்டு உள்ளங்கையையும் அழுத்தித் துடைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "ஒருத்தரும் இருமலயாமா" என்று மட்டும் கேட்டாள். 

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ராத்திரியும் பகலும் அவரைத் திட்டித் தீர்த்தேன். பிறகு கோபம் வடிந்து இளக்காரம் வந்து உட்கார்ந்தது, அது இன்றுவரை போகவில்லை. கெட்டவன் என்றால் எதிரே நின்று, தரமாட்டேன் போ என்று சொல்லியிருப்பான். இந்த மனிதர் எங்கள் மாலையை வாங்கிக்கொண்டு, எங்கள் சோடாவைக் குடித்துவிட்டு, எங்களுக்குப் புரியாது என்று நினைத்த பாஷையில் எங்கள் முகத்துக்கு நேரே எங்களை விற்றார். அதற்கும் நாங்களே கும்பிட வேண்டும் என்று எதிர்பார்த்தார். இவருக்கெல்லாம் சாபம் கொடுப்பதுகூட வீண் செலவு.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் வழக்கம்போல் வீட்டுக்குள் வந்தது. அண்ணனுக்குக் கட்டிலைச் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தோம். தண்ணீர் செங்கல்லைத் தாண்டிக் கட்டில் காலில் ஏறி நின்றது. அடுத்த தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சும் அப்போது கிளம்பியிருந்தது. ஒருநாள் அண்ணி நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு முசியே வீட்டுக்குப் போனாள். எடுபிடிதான் எதிர்ப்பட்டான். முசியேவுக்குத் தெருவில் பாராட்டு விழா வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"எதுக்குப் பாராட்டு?" என்றான் அவன்.

"எங்க தெருவப் பத்தி சபையில அவ்ளோ பெருமையா பேசுனாரே, அதுக்குத்தான். வீட்டுக்கு ஒரு மாலை கட்டக் குடுத்துட்டோம். போட்டோ புடிக்கிறவரு, பேப்பர்காரரு யாராச்சும் கூட வந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்றாள் அண்ணி. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"இந்த மழையிலயா?"

"தேர்தல் மழைக்கு நிக்குமாங்க?"

உள்ளே போய்விட்டு வந்தவன், முசியே மகிழ்ச்சியோடு சம்மதித்தார் என்றான். மாலை என்ற ஒரு வார்த்தை போதும் என்று அண்ணி கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது. அந்தக் கழுத்து மாலைக்கென்றே வளர்ந்த கழுத்து.

இந்தத் தடவை நாங்கள் ஒன்றையும் மெழுகவில்லை. மெழுகத் தரை எங்கே இருந்தது. கார் தெருமுனையில் நின்றுவிட்டது. முசியேவை மாட்டுவண்டியில் ஏற்றி அழைத்துவந்தோம். பின்னாலேயே புகைப்படக்காரர், பத்திரிகைக்காரர், எடுபிடி. பந்தல் எங்கே என்று முசியே கேட்டார். "பந்தலு காத்துல போயிடுச்சு முசியே. விழா வீட்டுக்குள்ளதான்" என்று அண்ணி எங்கள் குடிசையைக் காட்டினாள். வாசலில் தயங்கினார். பின்னால் தெருவே மாலையோடு நின்றது. படம் பிடிக்கிறவர் கருவியைத் தூக்கிவிட்டார். சிரித்துக்கொண்டே பூட்ஸ் காலைத் தண்ணீருக்குள் வைத்தார்.

கோயில் நாற்காலியையே மறுபடி வாங்கிவந்து போட்டிருந்தோம். "போன தடவ மாதிரியே உக்காருங்க" என்றாள் அண்ணி. உட்கார்ந்ததும் தண்ணீர் அவர் முழங்காலுக்குக் கீழே வந்து நின்றது. கதர் வேட்டி மிதந்தது. இருமல்காரரை இந்த முறை எங்கேயும் அனுப்பவில்லை. நாற்காலிக்குப் பக்கத்திலேயே கட்டிலில் அண்ணன் இருந்தார். பிறகு மாலை ஆரம்பித்தது. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் நிதானமாகத் தண்ணீரை அளைந்துகொண்டு வந்தாள், மாலை போட்டாள், தன் வீட்டில் யார் யாருக்குக் காய்ச்சல், எந்தச் சுவர் விழுந்தது என்று சொன்னாள், திரும்பிப் போனாள். அவள் வெளியே போன பிறகுதான் அடுத்தவள் வந்தாள். முசியே ஒருமுறை எழப் பார்த்தார். "இன்னும் பாதித் தெரு இருக்குதுங்க. ஓட்டுப் போடறவங்க மனசு கஷ்டப்படுமில்ல" என்றாள் அண்ணி, பணிவாக. உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்தார். அது கை நழுவித் தண்ணீரில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அண்ணன் அவர் முகத்துக்கு அருகே இருமினார். வேண்டுமென்று இருமவில்லை, அவரால் அடக்க முடியாது. "எங்க வூட்டு அழகு இது. நல்லா பாத்துக்குங்க முசியே" என்றாள் அண்ணி. நான் அதைப் பிரெஞ்சில் அவருக்கு ஒருமுறை சொன்னேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இந்த வயதிலும் இனிக்கிறது.

படம் பத்திரிகையில் வந்துவிட்டது. மாலைக்கு மேல் தலை, வேட்டிக்குக் கீழ் வெள்ளம். இனி அந்தத் தெரு அழகு என்று எந்த பாஷையிலும் சொல்ல முடியாது. வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பார்கள். முசியேவிடம் அந்தப் பழக்கம் கிடையாது. அடுத்த சபைக் கூட்டத்தில் பளிச்சென்ற தமிழில் பேசினார். ஏழைகளின் துயரத்தைக் காணக் கொட்டும் மழையில் தாமாகவே புறப்பட்டுப் போனாராம். வெள்ளத்தில் நின்றாராம், உட்காரக்கூட மனம் வரவில்லையாம். குரல் தழுதழுத்தது. விளக்குக் கம்பத்துக்கு மேசை தட்டிய அதே கைகள் இதற்கும் தட்டின. வீட்டுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது.

ஒதுக்கிய பணம் செங்கல்லாக மாற அவர்களுக்கு அவசரம் இல்லை. இடம் பார்த்தார்கள், அடிக்கல் நாட்டினார்கள், அடிக்கல் நாட்டியதற்கும் மாலை போட்டுக்கொண்டார்கள். சுவர் முழங்கால் உயரத்தில் நின்றபோது மறுபடி ஐப்பசி வந்துவிட்டது. டாக்டர் சொன்ன கணக்கு தப்பவில்லை. கார்த்திகையில், செங்கல்மேல் உயர்த்திய கட்டிலில், அண்ணன் போய்விட்டார். தண்ணீருக்குள் நடந்துதான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

மில்லில் வேலை செய்கிறவள் என்பதால் வீடு அண்ணி பெயருக்கு வந்தது. அந்தக் குடியிருப்பில்தான் இன்றைக்கும் இருக்கிறேன். நுழைவாயில் வளைவில் முசியேவின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை அவர் பேரன்கள் ஏணி வைத்து ஏறி அதற்கு மாலை போடுகிறார்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அவரை வள்ளல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எவ்வளவு மழை பெய்தாலும் நான் அந்த வளைவுக்குக் கீழே ஒருநாளும் ஒதுங்கியதில்லை.

திறப்பு விழா அன்று மேடையில் ஒவ்வொருவராகப் போய் அவர் காலைத் தொட்டுச் சாவி வாங்கினார்கள். அண்ணி முறை வந்தது. காலைத் தொடவும் இல்லை, கும்பிடவும் இல்லை. கையை நீட்டினாள். முசியே சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "உன் புருஷன் இத பாக்கக் குடுத்து வைக்கலியேம்மா" என்று ஒலிபெருக்கிக்குக் கேட்கும்படி சொன்னார். "குடுக்க வேண்டியவங்க நேரத்துல குடுக்கல" என்றாள். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள்.

வீட்டைத் திறந்து உள்ளே போனோம். புதுச் சிமெண்டு வாசனை. வெளியே ஒலிபெருக்கியில் முசியே பேச ஆரம்பித்திருந்தார், கொட்டும் மழையில் தாமாகவே புறப்பட்டு வந்த கதையை. அண்ணி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். எங்கள் வாழ்க்கையில் சாத்துவதற்கு ஒரு கதவு இருந்தது அதுதான் முதல் முறை. பிறகு சுவரோரமாக உட்கார்ந்து, தரையில் உள்ளங்கையை வைத்து, ஒருவர் படுக்கும் நீளத்துக்கு மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள்.

"காஞ்சிருக்கு பாருடி" என்றாள்.